மாஜினியும் கவூரும்: ஒப்பிடக் கற்பிக்கும் ஒரு வரலாற்றுப் பாடம்

மேல்நிலை வகுப்பில் இத்தாலிய ஒருங்கிணைப்புப் பாடத்தை முடித்த பிறகு, 'மாஜினியையும் கவூரையும் ஒப்பிடுக' என்று ஒரு நெடுவினா கொடுத்தேன். விடைத்தாள்களைத் திருத்தியபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் இருந்தது: மாஜினி இத்தாலியின் இதயம், கவூர் மூளை, கரிபால்டி வாள். அதன் கீழே இருவரின் வாழ்க்கைக் குறிப்புகளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. தகவல்களில் பிழை இல்லை, மதிப்பெண்ணும் போட்டேன். ஆனால் ஒருவர்கூட இருவரையும் ஒப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் இதைப் பற்றி வகுப்பில் பேசும்போது ஒரு மாணவர் கேட்டார்: "இலஞ்சியில இருக்கிற நமக்கு இத்தாலிக்காரங்க கதை எதுக்கு சார்?" நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியபோது, இத்தாலிக்கும் தென்காசிக்கும் இடையே ஒரு வழி இருப்பது தெரிந்தது. அந்த வழியாகவே பாடத்தை மூன்று பாடவேளைகளாக மாற்றி அமைத்தேன். அந்த அமைப்பை ஆசிரியர் நண்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: வரைபடமும் இரு வாழ்க்கைகளும்

1815-இல் வியன்னா மாநாடு முடிந்தபோது இத்தாலி என்று ஒரு நாடு இல்லை. வடமேற்கில் பீட்மாண்ட்-சார்டினியா அரசு இருந்தது. லொம்பார்டியும் வெனிஷியாவும் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தன. நடுவே போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியும், டஸ்கனி, பார்மா, மொடீனா போன்ற சிற்றரசுகளும் இருந்தன. தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த அரசு.

இந்த நிலையை நம் பகுதி மாணவர்களுக்கு விளக்குவது எளிது. தென்காசி மதராஸ் மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அடுத்த ஊரான செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. பேசும் மொழி ஒன்று, பெய்யும் சாரல் ஒன்று. ஆனால் இலஞ்சியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் வேறொரு அரசு. இதைச் சொன்னதும், வரைபடத்தில் உள்ள கோடுகள் மனிதர்களின் வாழ்க்கைக்கு நடுவே போகின்றன என்பது மாணவர்களுக்குப் புரிந்தது.

அடுத்து இருவரின் வாழ்க்கை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவரின் குறிப்பைக் கொடுக்கலாம். நான் கொடுத்த குறிப்புகளின் சாரம் இது:

மாஜினி (1805–1872) ஜெனோவாவில் பிறந்தவர். சட்டம் படித்தார். இளம் வயதில் கார்பொனாரி என்ற இரகசிய அமைப்பில் சேர்ந்து, 1830-இல் கைதானார். பின்பு நாட்டைவிட்டு வெளியேறி, 1831-இல் பிரான்சின் மார்செய் நகரில் 'இளம் இத்தாலி' இயக்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்துப் புனைபெயர் சூட்டிக்கொண்டார்கள். இத்தாலி ஒரே நாடாக வேண்டும், அதுவும் அரசரில்லாத குடியரசாக வேண்டும், அதை மக்களே எழுந்து அடைய வேண்டும் என்பவை அவரது கொள்கைகள். அவர் திட்டமிட்ட கிளர்ச்சிகள் தொடர்ந்து தோற்றன. 1833-இல் பீட்மாண்ட் அரசு அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டில் அவரது நெருங்கிய நண்பர் ஜாகபோ ரூஃபினி சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1837 முதல் மாஜினியின் வாழ்க்கை பெரும்பாலும் லண்டனில் கழிந்தது. 1849-இல் மட்டும் சில மாதங்கள் ரோமானியக் குடியரசின் மூன்று ஆட்சியாளர்களில் ஒருவராக இருந்தார். பிரெஞ்சுப் படை ஜூலை மாதம் அந்தக் குடியரசை வீழ்த்தியது.

கவூர் (1810–1861) டூரின் நகரின் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இராணுவப் பொறியாளராக இருந்து 1831-இல் பதவி விலகினார். பின்பு லெரி என்ற ஊரில் குடும்பப் பண்ணையை நடத்தினார். அது நெல் விளையும் பகுதி. போ ஆற்றின் நீரை அந்த வயல்களுக்குக் கொண்டுசெல்லும் சுமார் 85 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. சிற்றாற்றுப் பாசனத்தை அறிந்த நம் மாணவர்களுக்கு இந்தச் செய்தி மனத்தில் நிற்கும். 1847-இல் நாளிதழ் தொடங்கினார், 1848-இல் நாடாளுமன்றம் சென்றார், 1850-இல் வேளாண்மை, வணிக அமைச்சரானார், 1852-இல் பீட்மாண்டின் பிரதமரானார். இரயில்பாதை, வணிக ஒப்பந்தங்கள், வங்கி என்று முதலில் தன் அரசை வலுப்படுத்தினார். 1855-இல் கிரிமியப் போருக்குச் சுமார் 15,000 வீரர்களை அனுப்பினார். பீட்மாண்டுக்கு அங்கே நேரடியான சண்டை எதுவும் இல்லை. போர் முடிந்ததும் பாரிஸ் மாநாட்டில் ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1856-இல் அந்த இடம் கிடைத்தது. போன வீரர்களில் சண்டையைவிடக் காலராவில் இறந்தவர்களே அதிகம்.

குறிப்புகளைப் படித்த பிறகு ஒரு கேள்வி: "இவர்கள் இருவரும் நண்பர்களா, எதிரிகளா?" இரு பிரிவினரும் தங்கள் தாளை மட்டுமே படித்திருப்பதால், விடை சொல்ல மற்றப் பிரிவினரிடம் கேட்டாக வேண்டும். ஒப்பிடும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் பாடவேளை: நான்கு கேள்விகள்

'யார் பெரியவர்?' என்று கேட்டால் மாணவர்கள் கட்சி கட்டுவார்கள். 'ஒற்றுமை வேற்றுமை எழுதுக' என்றால் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் அட்டவணையில் போடுவார்கள். இரண்டையும் தவிர்க்க, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்தோம். கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதினேன்.

1. எதை அடைய விரும்பினார்?

மாஜினிக்கு முழு இத்தாலியும் ஒரே குடியரசாக வேண்டும். கவூரின் முதல் இலக்கு ஆஸ்திரியாவை வெளியேற்றி, பீட்மாண்ட் அரசரின் தலைமையில் வடக்கை இணைப்பது. தெற்கு அவரது திட்டத்தில் தொடக்கத்தில் இல்லை. 1860 மே மாதம் கரிபால்டி ஆயிரம் தொண்டர்களோடு சிசிலியில் இறங்கி வென்ற பிறகே தெற்கும் சேர்ந்தது.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் வெகுவாக விரும்பினார்கள். இத்தாலியை இணைத்த கவூர் ரோம் நகரையோ நேப்பிள்ஸையோ கண்ணால் கண்டதில்லை. இத்தாலியைக் கனவு கண்ட மாஜினியால் வாழ்நாளின் பெரும்பகுதியில் அங்கே வாழ முடியவில்லை.

2. யாரை நம்பினார்?

மாஜினி மக்களை நம்பினார். ஆனால் பெரும்பான்மையான விவசாயிகளை அவரது குரல் சென்றடையவில்லை. கவூர் நாடாளுமன்றத்தையும், படித்த நடுத்தர வகுப்பையும், வெளிநாட்டு அரசுகளையும் நம்பினார். 1858 ஜூலையில் பிளோம்பியேர் என்ற ஊரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு இரகசியமாகப் பேசி, ஆஸ்திரியாவுக்கு எதிராக உதவி பெற ஏற்பாடு செய்தார்.

3. அதற்கு யார் விலை கொடுத்தார்கள்?

வகுப்பில் நெடுநேரம் விவாதம் நடந்தது இந்தக் கேள்வியில்தான். மாஜினியின் கிளர்ச்சிகளில் இளைஞர்கள் தூக்குமேடைக்கும் சிறைக்கும் போனார்கள். கவூர் வழியை 'இரத்தம் சிந்தாத இராஜதந்திரம்' என்று எழுதிய மாணவர்களுக்கு 1859-ஐ நினைவூட்டினேன். அந்த ஆண்டு ஜூன் 24 அன்று நடந்த சோல்ஃபெரினோ போர்க்களத்தின் கொடுமையைக் கண்ட ஹென்றி டுனாண்ட்தான் பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமானார். நம் பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் இருக்கும் மாணவர்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிரெஞ்சு உதவிக்கு ஈடாக சவாயும் நீஸும் பிரான்சுக்குப் போயின. நீஸ் கரிபால்டி பிறந்த ஊர். அதோடு அரசரின் மகள் க்ளோதில்டே, பேரரசரின் உறவினருக்கு மணமுடிக்கப்பட்டார். மணமகனுக்கு வயது 36, மணமகளுக்கு 15. "பத்தாம் வகுப்பு வயசு சார்" என்றார் ஒரு மாணவி. அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

4. அவருக்குப் பிறகு எது நின்றது?

1861 மார்ச் 17 அன்று இத்தாலிய அரசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 6 அன்று கவூர் தன் 50-ஆம் வயதில் இறந்தார். வெனிஸ் 1866-இலும் ரோம் 1870-இலும் இணைந்தன. கவூர் விட்டுச்சென்றது ஓர் அரசு, ஓர் அரசமைப்பு, ஒரு நாடாளுமன்றம். ஆனால் சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புதிய வரிகளாலும் கட்டாயப் படைச் சேர்ப்பாலும் தெற்கில் கலகம் வெடித்து, பல ஆண்டுகள் இராணுவத்தால் அடக்கப்பட்டது.

மாஜினி 1872-இல் பைசா நகரில் ஓர் ஆங்கிலேயப் பெயரில் மறைந்து வாழ்ந்த நிலையில் இறந்தார். அவர் கேட்ட குடியரசு, 1946 ஜூன் 2 அன்று பொதுவாக்கெடுப்பின் மூலம் வந்தது. அந்த வாக்கெடுப்பில் பெண்களும் வாக்களித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் முசோலினியின் ஆதரவாளர்களும் மாஜினியைத் தம்மவர் என்றார்கள். முசோலினியை எதிர்த்தவர்களும் அப்படியே சொன்னார்கள். ஒரு தலைவரின் பெயரை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதும் வரலாற்றுப் பாடம்தான்.

நான்கு கேள்விகளுக்கும் பிறகு, இருவரின் பாதைகளும் சந்திக்கும் ஓர் இடத்தைக் காட்டினேன். 1858 ஜனவரி 14 அன்று மூன்றாம் நெப்போலியன்மீது பாரிஸில் குண்டு வீசப்பட்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். வீசியவர் ஓர்சினி, முன்பு மாஜினியோடு இருந்து பின்னர் பிரிந்தவர். 'இத்தாலியின் சிக்கலை அரசுகள் தீர்க்காவிட்டால் புரட்சிக்காரர்கள் எழுவார்கள்' என்ற அச்சம் கவூரின் பேச்சுக்கு வலுச் சேர்த்தது. ஆறு மாதத்தில் பிளோம்பியேர் சந்திப்பு நடந்தது. மாஜினி பல ஆண்டுகள் பேசிப் பேசி 'இத்தாலி' என்ற எண்ணத்தை ஊன்றியிருக்காவிட்டால், கவூர் இணைக்க ஒரு நாட்டை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கவூர் இல்லையென்றால் அந்த எண்ணத்துக்கு ஓர் அரசு கிடைத்திருப்பதும் அரிது. இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் நம்பியிருந்தார்கள். 'இதயம், மூளை' என்ற வரி மறைத்துவிடுவது இந்த உறவைத்தான்.

மூன்றாம் பாடவேளை: மாஜினி தென்காசிக்கு வந்த கதை

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம்.

இந்தியாவில் மாஜினியைப் பலர் படித்தார்கள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி கல்கத்தா இளைஞர்களிடம் அவரது தேசப்பற்றைப் பேசினார். புரட்சி வழியை மட்டும் ஏற்கவில்லை. லாலா லஜபதி ராய் உருதுவில் மாஜினி, கரிபால்டி வரலாறுகளை எழுதினார். சாவர்க்கர் மாஜினியின் தன்வரலாற்றை மராத்தியில் கொண்டுவந்தார். அது தடை செய்யப்பட்டது. பாரதியார், மாஜினி உறுதிமொழி எடுக்கும் காட்சியைத் தமிழில் கவிதையாக்கினார். பின்னாளில் அவர் நம் மாவட்டத்துக் கடையத்தில் வாழ்ந்ததை மாணவர்கள் அறிவார்கள்.

1910-இல் தென்காசியில் சில இளைஞர்கள் கூடினார்கள். புதுச்சேரியில் 'சூரியோதயம்' இதழோடு தொடர்புடைய நீலகண்ட பிரம்மச்சாரி அவர்களின் தலைவர். தென்காசி மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை முக்கிய உறுப்பினர். பாரத மாதா சங்கம் என்ற அந்த இரகசிய அமைப்பில், காளி படத்தின் முன் குங்குமம் கலந்த நீரைப் பருகி உறுதிமொழி எடுத்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் அப்ரூவர்கள் சாட்சி சொன்னார்கள். செங்கோட்டையில் பிறந்து புனலூரில் வனத்துறைப் பணியில் இருந்த வாஞ்சிநாதன் இந்த வட்டத்தோடு தொடர்பு கொண்டார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். தொடர்ந்து 14 பேர்மீது வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தேடுதல் காலத்தில் இருவர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ரூஃபினியின் பெயர் அப்போது மாணவர்களுக்குத் தானாகவே நினைவுக்கு வந்தது.

இங்கே ஆசிரியர் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று: 'இளம் இத்தாலி'க்கும் பாரத மாதா சங்கத்துக்கும் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் ஒற்றுமை என்பது தொடர்புக்குச் சான்று ஆகாது. வங்கத்து இரகசிய அமைப்புகளும் அப்போது இயங்கின. 'இதைப் பார்த்து அதைச் செய்தார்கள்' என்று எழுதினால், 'எந்த ஆதாரத்தில்?' என்று கேட்க வேண்டும்.

இரண்டு: தென்காசிக் கூட்டம் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி வழக்கு ஆவணங்களிலிருந்து வருகிறது. அரசு தரப்புச் சாட்சி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மாணவர்கள் யோசிக்கட்டும்.

மூன்று: நம் பகுதியில் இது உணர்ச்சியோடு பேசப்படும் நிகழ்ச்சி. வாஞ்சிநாதனின் துணிவைப் போற்றும் வீடுகளும் உண்டு, அவரது கடிதத்தின் சில கருத்துகளை ஏற்காதவர்களும் உண்டு. வகுப்பறையில் யாரையும் கட்சி சேர்க்காமல், அதே நான்கு கேள்விகளை இங்கும் கேட்பதே பாதுகாப்பான வழி. நேர்மையான வழியும் அதுதான்.

காந்தியடிகளும் மாஜினியைப் படித்தவர்தான். 1905-இல் அவரைப் பற்றி 'இந்தியன் ஒபீனியன்' இதழில் எழுதினார். 1909-இல் எழுதிய 'இந்திய சுயராஜ்ஜியம்' நூலில் இத்தாலிக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. கவூருக்கு இத்தாலி என்றால் அரசரும் அவரைச் சேர்ந்தவர்களும், மாஜினிக்கு இத்தாலி என்றால் உழவர்கள் உள்ளிட்ட முழு மக்கள் என்பது அவரது வாதம். ஆஸ்திரியர் போன பிறகும் அந்த மக்களின் நிலை மாறவில்லையே என்று அவர் கேட்டார். ஆயுதம் எடுக்க விரும்பியவர்களுக்கும், ஆட்சியாளரை மட்டும் மாற்ற விரும்பியவர்களுக்கும் ஒரே நேரத்தில் அவர் சொன்ன பதில் அது.

மாஜினியின் மறுபாதி

ஆசிரியர்களான நாம் மறந்துவிடக் கூடாத ஒரு செய்தி, வழிகாட்டி நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1841-இல் மாஜினி லண்டனில் ஓர் இலவச மாலைப் பள்ளி தொடங்கினார். இத்தாலியிலிருந்து தரகர்கள் கொண்டுவந்து, தெருக்களில் கைவாத்தியம் சுழற்றிப் பிச்சை எடுக்க வைத்த ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளி அது. பகல் முழுதும் தெருவில் அலைந்த சிறுவர்கள் இரவில் வந்து எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆசிரியர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள். ஞாயிறு மாலைகளில் மாஜினியே இத்தாலியின் வரலாற்றைச் சொன்னார்.

அவர் நடத்திய கிளர்ச்சிகள் தோற்றன, அவர் ஆண்ட குடியரசு சில மாதங்களே நின்றது. அந்த மாலைப் பள்ளி பல ஆண்டுகள் நடந்தது. தென்காசி இளைஞர்களுக்கு உறுதிமொழி எடுக்கும் மாஜினி கிடைத்தார்; பள்ளி நடத்தும் மாஜினியையும் நம் மாணவர்களுக்குக் காட்டுவது நம் கையில் இருக்கிறது.

தொடக்க வகுப்புகளில்

ஒப்பிடும் பழக்கத்தை மேல்நிலையில் திடீரென்று தொடங்க முடியாது. நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே சிறிய அளவில் தொடங்கலாம். தரையில் சாக்பீஸால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் வரைந்து, குற்றாலம் பேரருவி, ஐந்தருவி என்று பெயரிடுங்கள். பொதுவானவற்றை நடுவில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 'தண்ணீர் எப்படி விழுகிறது?' என்ற ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்பதுதான் ஒப்பிடுதல் என்பது குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பதிந்துவிடும். அடுத்த படியாக, பாடநூலில் வரும் இரு தலைவர்களை வைத்து இதையே செய்யலாம்.

மதிப்பீடு

விடைத்தாள் திருத்த நான் பயன்படுத்தும் அளவுகோல் இது:

• இருவர் பெயரும் ஒரே வாக்கியத்தில் வருகிறதா? தனித்தனிப் பத்திகள் மட்டும் இருந்தால் அது ஒப்பீடு ஆகாது.
• ஒவ்வொரு கருத்துக்கும் ஆண்டோ நிகழ்ச்சியோ சான்றாக இருக்கிறதா?
• இருவரின் குறையும் நிறையும் சொல்லப்பட்டிருக்கின்றனவா?
• விலை கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?
• மாணவரின் சொந்த முடிவு, காரணத்தோடு இருக்கிறதா?

கடைசி அளவுகோலுக்கு எந்த முடிவும் சரிதான். காரணம் இருந்தால் போதும்.

மறுதேர்வில், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவர் எழுதிய முடிவு இது: "கவூர் நாட்டைச் சேர்த்தார், ஆனால் ஓட்டுப் போட முடியாதவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. மாஜினி எல்லோரையும் கணக்கில் எடுத்தார், ஆனால் அவர் அழைத்துப் போன பையன்கள் திரும்பி வரவில்லை. எனக்கு லண்டன் பள்ளிக்கூடத்து மாஜினியைப் பிடித்திருக்கிறது." வழிகாட்டி நூலில் இல்லாத விடை என்பதால் நான் அதை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினேன். அடுத்த ஆண்டு இதே பாடத்தை ஜெர்மனியின் பிஸ்மார்க்கையும் சேர்த்து நடத்த எண்ணியிருக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து உலக வரலாற்றுக்குச் செல்லும் வழி எது என்று தேடிப் பாருங்கள். தேடும் வேலையை மாணவர்களிடமும் கொடுங்கள்.